கை நரம்பு கிடைப்பதில்லை: மீதமுள்ள கீமோவுக்கு போர்ட் வைத்துக்கொள்ளலாமா?

பூவரசு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கீமோ நடந்துகொண்டிருக்கிறது. டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்த்து 4 சுற்றுகள், அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை பாக்ளிடாக்ஸல் 12 வாரங்கள் என்று திட்டம் கொடுத்திருக்கிறார்கள். 2 சுற்றுகள் முடிந்துவிட்டன. இடது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருப்பதால் அந்தக் கையில் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே கீமோ, ரத்தப் பரிசோதனை, ஸ்கேனுக்குப் போடும் மருந்து என அனைத்தையும் வலது கை ஒன்றே தாங்க வேண்டியிருக்கிறது.

முதல் சுற்றில் ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. இரண்டாவது சுற்றில் முன்கையில் இரண்டு முறை தவறி, புறங்கையில் ஒரு முறை தவறி, நான்காவதாக மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் ஒருவழியாக ஊசி நின்றது. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அந்த நரம்பு ஓடும் பாதை முழுவதும் கறுத்து, தொட்டால் தோலுக்கு அடியில் முறுக்கிய கயிறு போல இருக்கிறது. கையை முழுவதுமாக நீட்டினால் சுரீரென்று இழுக்கிறது.

மருத்துவர் போர்ட் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பொருளைப் புதைப்பதும், அதிலிருந்து ஒரு குழாய் இதயத்தின் வாசல் வரை போவதும் நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. இன்னும் 14 முறைதானே, கையிலேயே சமாளித்துவிட முடியாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மூன்றாவது சுற்றுக்கு 12 நாட்கள் இருக்கின்றன.


நெய்தல் எழுதியது:

சகோதரி, நீங்கள் கேட்ட அதே கேள்வியை நான் கேட்டு, "சமாளித்துவிடலாம்" என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டவள். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எனக்கும் அதே டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்துதான். மூன்றாவது சுற்றில் புறங்கையில் ஊசி போட்டிருந்தார்கள். மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் அந்த இடத்தில் எறும்பு கடிப்பதைப் போன்ற எரிச்சல் வந்தது. செவிலியருக்கு அன்று கூட்டம் அதிகம். ஏற்கெனவே என் நரம்பைத் தேடிக் களைத்துப்போயிருந்தார். மறுபடியும் அவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். வீக்கம் தெரிந்தபோதுதான் நிறுத்தினார்கள். அன்று மாலை வெறும் சிவப்புதான் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கொப்புளம், அதன் பிறகு புண், அதன் பிறகு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரிடம் போய்த் தோல் ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. கீமோ 5 வாரங்கள் தள்ளிப்போனது. இன்றும் சட்டைப் பொத்தானைப் போடும்போது நடுவிரல் முழுவதும் மடங்குவதில்லை.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நீங்கள் எந்த முடிவெடுத்தாலும், ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ இறுக்கமோ தோன்றினால் அந்த நொடியே வாய் திறந்து சொல்லுங்கள். ஊசி உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்பது முதலில் உங்களுக்குத்தான் தெரியும்.


பழைய செவிலி எழுதியது:

புற்றுநோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பூவரசு, உங்கள் பதிவில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கை ஏன் கயிறாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய். (வலியை உணர்த்தும் நரம்பு வேறு. "நரம்பிலா மருந்து ஏற்றுகிறீர்கள்?" என்று கலங்கிப்போய்க் கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.) கையிலுள்ள சிரை சிறியது, அதில் ரத்தமும் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆகவே மருந்து நீர்த்துப்போவதற்கு முன்பே குழாயின் உட்சுவரைச் சுட்டுவிடுகிறது. உங்கள் கையில் இருப்பது அந்த அழற்சியும் அதைத் தொடர்ந்த இறுக்கமும்தான். மாதக் கணக்கில் மெல்ல இளகும்; ஆனால் அந்தச் சிரையை இந்தச் சிகிச்சைக்குள் மறுபடி நம்ப முடியாது. போர்ட்டின் குழாய் முனையோ இதயத்துக்குச் சற்று மேலே உள்ள பெருஞ்சிரையில் இருக்கிறது. அங்கே நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் ரத்தம் ஓடுவதால், சொட்டு விழுந்ததும் மருந்து கரைந்து போய்விடுகிறது. போர்ட் வைப்பதன் முழுக் காரணமும் இதுதான். குத்துகளின் எண்ணிக்கை குறைவது கூடுதல் நன்மை.

இப்போது கண்ணில் பட்டது. முன்கையில் இரண்டு முறை தவறிய பிறகு அதே நாளில் அதற்குக் கீழே மணிக்கட்டில் ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரண சலைனுக்கு இது பரவாயில்லை. திசுவை அரிக்கும் மருந்துக்கு இது கூடாது. மேலே குத்தித் தவறிய துளை அதே சிரையில் இருந்தால், கீழிருந்து போகும் மருந்து அந்தத் துளை வழியாகத் தோலுக்கடியில் கசியலாம். அன்று உங்களுக்கு அப்படி ஆகவில்லை என்பது நிம்மதி. அடுத்த முறை கையில்தான் போடுவதென்றால், "இதே பாதையில் மேலே ஏற்கெனவே குத்தியிருக்கிறீர்கள்" என்று நீங்களே நினைவூட்டுங்கள், தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

நெய்தல், உங்கள் பதிவைப் படித்து மனம் கனத்தது. கூப்பிடத் தயங்கும் அளவுக்கு ஒரு நோயாளியை நாங்கள் விட்டுவிடக் கூடாது. டாக்ஸோரூபிசினைச் செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து, வேகமாக ஓடும் சலைனுடன் சேர்த்து மெதுவாகத் தள்ள வேண்டும். சில மில்லிக்கு ஒரு முறை பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கசிவு என்று சந்தேகம் வந்தால் ஊசியை உடனே பிடுங்கக் கூடாது. மருந்தை நிறுத்தி, அந்த ஊசி வழியாகவே உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சி எடுத்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். பேனாவால் சிவப்பின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டுப் படம் எடுத்து வைக்க வேண்டும். டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம். வின்கிறிஸ்டின் என்ற வேறொரு கீமோ மருந்தின் வகைக்கு அதுவே கெடுதல், அதற்கு வெது ஒத்தடம். டாக்ஸோரூபிசின் கசிவுக்கு டெக்ஸ்ராஸாக்ஸேன் என்ற முறிமருந்து உண்டு. அதைக் கசிந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவேதான் "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பூவரசு, உங்கள் 14 முறையில் 2 முறை இந்தச் சிவப்பு மருந்து. பாக்ளிடாக்ஸல் அந்த அளவு கடுமையானதல்ல. ஆபத்தான இரண்டும் முன்னால் நிற்கின்றன. போர்ட் வைப்பதாக இருந்தால் மூன்றாவது சுற்றுக்கு முன்பே வைத்துவிடுவதில்தான் பயன் அதிகம்.


ஆற்றுமணல் எழுதியது:

நான் மாறுபட்ட கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போர்ட் என்றாலே நிம்மதி என்பது போல இங்கே பேச்சு போகிறது. எனக்கு போர்ட் வைத்த ஏழாவது வாரம், சலைனைச் செலுத்தி அதை அலசிச் சுத்தம் செய்த ஒரு மணி நேரத்தில், பற்கள் ஒன்றோடொன்று மோதும் அளவுக்கு நடுக்கம் வந்து, காய்ச்சல் 39.4 டிகிரி செல்சியஸுக்குப் போனது. வெள்ளை அணுக்கள் ஏற்கெனவே குறைந்திருந்த நேரம் அது. குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்ததில் கிருமி போர்ட்டில்தான் என்று தெரிந்தது. 9 நாட்கள் மருத்துவமனையில் இருந்து, வைத்ததை எடுத்துவிட்டு, மீதிச் சிகிச்சையைக் கையிலேயே முடித்தேன். வைக்கும்போது ஒருவர்கூட இப்படி ஆகலாம் என்று என்னிடம் உட்கார்ந்து பேசவில்லை. கையெழுத்து வாங்கிய தாளில் ஒரு வரி இருந்ததாம்.

அந்த அம்மையாருக்கு 14 முறை என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் 12 முறை ஒப்பீட்டளவில் லேசான மருந்து. நல்ல கைக்காரர் ஒருவர், கையை வெந்நீர்ப் பையில் சூடேற்றி, அல்ட்ராசவுண்டு வைத்துத் தேடினால் ஆழத்தில் உள்ள சிரை கிடைக்கும். முதலில் அதைக் கேட்டுப் பார்க்கட்டும் என்பதே என் கருத்து.


கரும்பலகை எழுதியது:

ஆற்றுமணல் ஐயா பட்டது கொடுமை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து அளக்காமல், ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று இருப்பதையும் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனில் 1,061 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2021-இல் லான்செட் இதழில் வெளியானது. போர்ட், கை வழியாக வைக்கும் பிக் லைன், மார்பிலிருந்து வெளியே தொங்கும் ஹிக்மன் குழாய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். போர்ட்டையும் பிக் லைனையும் ஒப்பிட்ட பகுதியில், ஏதேனும் ஒரு சிக்கல் வந்தவர்கள் போர்ட்டில் 32 சதவீதம், பிக் லைனில் 47 சதவீதம். ஹிக்மனோடு ஒப்பிட்ட பகுதியிலும் போர்ட்டே முன்னால் நின்றது.

இதே எண்ணை ஐயாவின் பக்கத்திலிருந்தும் படிக்கலாம். மூன்றிலும் சிறந்ததாக வந்த போர்ட்டிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது தவறு என்பதில் நான் அவரோடு நிற்கிறேன். அல்ட்ராசவுண்டு வைத்துத் தேடலாம் என்பதில் மட்டும் ஒரு தயக்கம். ஆழத்தில் உள்ள சிரையில் போட்ட ஊசி நழுவினால், கசிவு வெளியே தெரிவதற்கே நேரமாகும். சிவப்பு மருந்துக்கு அந்த வழியை நான் ஏற்கமாட்டேன்.

எனக்கு இருந்தது பிக் லைன். மேல்கையில் ஒரு சிறு துளை, அதன் வழியே நெஞ்சு வரை மெல்லிய குழாய். அறுவை சிகிச்சை அறை தேவைப்படவில்லை, அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அடுத்த 5 மாதங்கள் ஒவ்வொரு வாரமும் கட்டு மாற்றப் போக வேண்டியிருந்தது. கட்டின் பசை தோலைப் புண்ணாக்கியது. குளிக்கும்போது கையைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே குளித்தேன். கனமான பையைத் தூக்கக் கூடாது என்றார்கள். வகுப்பறையில் கரும்பலகையின் மேல் பகுதியில் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். இரண்டு மூன்று மாதச் சிகிச்சை என்றால் பிக் லைன் போதும் என்பேன். உங்களுக்கு நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது. வலது கை ஒன்றுதான் இருக்கிறது. அதிலேயே குழாயும் தொங்கினால் அன்றாட வேலைக்கு எந்தக் கையை நீட்டுவீர்கள்?


பூவரசு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆற்றுமணல் ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்திருப்பேன்.

எனக்கு இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் மீது படுத்துத் தூங்க முடியுமா? ஒவ்வொரு முறையும் அதற்குள் ஊசி குத்துவது கையில் குத்துவதைவிட வலிக்குமா? அத்தனை முறை குத்தினால் அது ஓட்டையாகிவிடாதா?


சிறுபறவை எழுதியது:

அம்மா, வலி பற்றிய கேள்விக்கு என் மகள் சார்பில் பதில் சொல்கிறேன். ரத்தப் புற்றுநோய்க்காக அவளுக்கு 5 வயதில் போர்ட் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதே போர்ட் இருந்தது.

லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த மரத்துப்போகும் களிம்பு கிடைக்கும். அதைக் குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, தேய்க்காமல், போர்ட்டின் மேடு முழுவதும் மூடுமாறு கெட்டியாக வைத்து, மேலே ஒட்டும் உறையால் மூடிவிட வேண்டும். நாங்கள் தொடக்கத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பூசினோம். இருபது நிமிடத்தில் கூப்பிட்டுவிடுவார்கள், குழந்தை அலறுவாள், களிம்பே உதவாது என்று நினைத்துக்கொண்டோம். வீட்டிலேயே பூசிவிட்டுக் கிளம்பத் தொடங்கிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. அதன் பிறகு அவள் "அழுத்துது" என்று மட்டும்தான் சொல்வாள். செவிலியர் மூன்று எண்ணுவதற்குப் பதிலாக, மூச்சை இழுத்து ஊதச் சொல்லி, ஊதும்போது குத்திவிடுவார். பெரியவர்களுக்கும் அது உதவும் என்று நினைக்கிறேன்.


பழைய செவிலி எழுதியது:

சிறுபறவை ஐயா சொன்னதற்கு மேல் வலியைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஓட்டையாகுமா என்ற கேள்வி சிறுபிள்ளைத்தனமானதல்ல. மிக நல்ல கேள்வி.

போர்ட் என்பது ஒரு நாணயத்தின் அகலமுள்ள சிறு கிண்ணம். டைட்டேனியத்திலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ செய்திருப்பார்கள். அதன் வாயைத் தடித்த சிலிக்கான் மூடியிருக்கும். சாதாரண ஊசியின் முனை அந்தச் சிலிக்கானைத் துளையிட்டு ஒரு துணுக்கை வெட்டி எடுத்துவிடும். ஆகவே போர்ட்டுக்கு ஹூபர் ஊசி மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதன் வாய் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் சிலிக்கானை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். எடுத்ததும் அது தானே மூடிக்கொள்ளும். இப்படி ஆயிரம் முறைக்கு மேல் தாங்கும் விதமாகவே அதைச் செய்கிறார்கள். எந்தப் பிரிவிலாவது, அவசரத்தில், சாதாரண ஊசியை எடுத்தால் தடுங்கள். அதேபோல 10 மில்லிக்குக் குறைந்த சிரிஞ்சால் போர்ட்டை அலசக் கூடாது. சின்ன சிரிஞ்சு அதிக அழுத்தம் கொடுக்கும்; அடைப்பு இருந்தால் குழாய் வெடித்துவிடலாம்.

படுக்கலாம். முதல் இரண்டு வாரம் குப்புறப் படுக்க மனம் வராது, பிறகு மறந்துவிடும். தையல் ஆறிய பின் குளிக்கலாம், நீந்தலாம். ஊசி உள்ளே இல்லாதபோது வெளியே தொங்குவது ஒன்றுமில்லை என்பதுதான் பிக் லைனுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. உங்களுக்கு இடது பக்கம் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் வலது பக்கம் வைப்பார்கள். வலது கழுத்துச் சிரையிலிருந்து இதயத்துக்கு நேரான வழி இருப்பதால் அது வசதியும்கூட.

ஆற்றுமணல் ஐயா எழுதியதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். போர்ட் உள்ளவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், அதிலும் அலசிய பிறகு நடுக்கம் வந்தால், மாத்திரை போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கையோ கழுத்தோ முகமோ ஒரு பக்கம் வீங்கினாலும், அந்தப் பக்கத்துத் தோளில் புதிய வலி வந்தாலும், குழாயைச் சுற்றி ரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. பெரும்பாலும் போர்ட்டை எடுக்காமலேயே சரிசெய்வார்கள்.

ஊசி குத்துபவர் கையுறை மாற்றினாரா, கிருமிநாசினியால் அரைநிமிடம் தேய்த்து அது காயும்வரை காத்திருந்தாரா என்று பாருங்கள். ஈரத்தோடு குத்துவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.


தாழம்பூ எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். பெருங்குடல் புற்றுநோய்க்காக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றி, 46 மணி நேரம் ஓடும் ஃப்ளோரோயுராசில் பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான். ஊசி நெஞ்சில் குத்தியபடியே இரண்டு இரவுகள் தூங்கியிருக்கிறேன். முதல் முறை அசையாமல் மல்லாந்தே கிடந்தேன். நான்காவது முறை குழாயின் நீளத்தைச் சட்டைக்குள் சுருட்டி ஒட்டிவிட்டுப் பக்கவாட்டில் படுத்துத் தூங்கினேன்.

போர்ட் வைத்தவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் சந்திக்கும் ஒன்றை இங்கே யாரும் சொல்லவில்லை. ஆறாவது சுற்றில் என் போர்ட்டில் சலைன் தங்கு தடையின்றிப் போனது. பின்னால் இழுத்தால் ரத்தம் வரவில்லை. "போகிறதல்லவா, ஆரம்பித்துவிடலாம்" என்றார் ஒருவர். மூத்த செவிலியர் ஒப்புக்கொள்ளவில்லை. ரத்தம் திரும்பி வராத குழாயில் கீமோ ஏற்றக் கூடாது என்று உறுதியாக நின்றார். இருமச் சொன்னார், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார், தலையைத் திருப்பச் சொன்னார், படுக்கையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திப் பார்த்தார். எதற்கும் வரவில்லை. குழாய் முனையைச் சுற்றி ஃபைப்ரின் என்ற, ரத்தத்தை உறையவைக்கும் புரதம் மெல்லிய உறையாகப் படிந்து, உள்ளே தள்ளும்போது விலகி, இழுக்கும்போது கதவு போல மூடிக்கொள்கிறது என்று விளக்கினார். 2 மில்லிகிராம் ஆல்டிபிளேஸ் என்ற, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் போர்ட்டுக்குள் நிரப்பிக் காத்திருந்தோம். முதல் அரைமணியில் பலனில்லை. இரண்டு மணி நேரம் கழித்து இழுத்தபோது சிரிஞ்சுக்குள் சிவப்புக் கோடு ஒன்று சுருண்டு ஏறியது. அதைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டார்.

ஆகவே அம்மா, ஊசி குத்தியதும் "ரத்தம் வந்ததா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.


ஆற்றுமணல் எழுதியது:

கரும்பலகை சொன்ன ஆழ்சிரைக் கசிவு பற்றி நான் யோசிக்கவில்லை. அது நியாயமான தயக்கம்தான். சிவப்பு மருந்துக்குக் கையே போதும் என்று நான் இனி வாதாடமாட்டேன். ஆனால் போர்ட் வைப்பதற்கு முன் அந்த அம்மையார் மருத்துவரிடம் மூன்றைக் கேட்க வேண்டும் என்று மட்டும் விரும்புகிறேன்: வைக்கும் நாளில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் எவ்வளவு இருக்கும், இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணை அழைக்க வேண்டும், சிகிச்சை முடிந்ததும் எப்போது எடுப்பார்கள். மூன்றாவதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. சில இடங்களில் முடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள், சில இடங்களில் ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். வைத்திருக்கும் காலம் முழுவதும் அலச வேண்டும், அந்த ஆபத்தும் கூடவே இருக்கும்.


பூவரசு எழுதியது:

எழுதப் பத்து நாட்களாகிவிட்டன. போர்ட் வைத்தாகிவிட்டது.

ஐயா சொன்ன மூன்று கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் அந்தத் தாளைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே பதில் எழுதிக் கொடுத்தார். அணுக்கள் ஏறும்வரை இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள்.

அன்று என்ன நடந்தது என்பதை, என்னைப் போலப் பயந்து தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். முழு மயக்கம் கொடுக்கவில்லை. சற்றுக் கிறக்கமாக இருக்க ஒரு மருந்து கொடுத்தார்கள். தலையை இடது பக்கம் திருப்பச் சொல்லி முகத்தின் மேல் துணியை விரித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் திறப்பு இருந்தது, அதன் வழியே ஒரு செவிலியரின் செருப்பு தெரிந்துகொண்டே இருந்தது. மரத்துப்போகும் ஊசிதான் எரிந்தது, அதுவும் அரை நிமிடம். அதற்குப் பிறகு வலி இல்லை. ஆனால் ஒருவர் தன் கட்டைவிரலைத் தோலுக்கடியில் நுழைத்து இடம் செய்வது போல ஓர் அழுத்தம் இருந்தது. அதற்கு நான் தயாராக இருக்கவில்லை. கழுத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவான கீறல், காறை எலும்புக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு இன்னொன்று. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று நாட்கள் கழுத்தைத் திருப்பினால் உள்ளே ஒரு கம்பி இழுப்பதைப் போல இருந்தது. நான்காம் நாள் தலை பின்னிக்கொண்டேன்.

நேற்று மூன்றாவது சுற்று. வீட்டிலேயே களிம்பு வைத்துக் கிளம்பினேன். குத்தியது அழுத்தமாகத்தான் தெரிந்தது. "ரத்தம் வந்ததா?" என்று கேட்டேன், செவிலியர் சிரிஞ்சை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சலைனைத் தள்ளியதும் வாய்க்குள் உப்பும் இரும்பும் கலந்த ஒரு சுவை வந்து திகைத்துப்போனேன். பலருக்கும் வரும், ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். சிவப்பு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது வலது கை சும்மா இருந்தது. அதில் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்து நானே மூடியைத் திறந்து குடித்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும். பாக்ளிடாக்ஸல் 12 வாரமும் முடிந்த பிறகு ஊசி போடாத காலத்தில் எத்தனை நாளுக்கு ஒரு முறை அலச வேண்டும்? ஸ்கேன் மருந்தையும் இதன் வழியே போடலாமா?


பழைய செவிலி எழுதியது:

மிக மகிழ்ச்சி, பூவரசு. அலசுவது நீண்ட காலமாக 4 வாரத்துக்கு ஒரு முறை என்று இருந்தது. பயன்பாட்டில் இல்லாத போர்ட்டுக்கு மூன்று மாதம் வரை போகலாம் என்று இப்போது பல இடங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். உங்கள் பிரிவு எதைப் பின்பற்றுகிறதோ அதைப் பின்பற்றுங்கள். சலைன் மட்டும் போதும் என்பவர்களும் உண்டு, முடிவில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் நிரப்புபவர்களும் உண்டு. ஹெப்பாரின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எப்போதாவது சொல்லியிருந்தால் மறக்காமல் தெரிவியுங்கள்.

ஸ்கேன் மருந்தை இயந்திரம் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும். அதைத் தாங்குவதற்கென்றே செய்த போர்ட்டில் மட்டும்தான் போடலாம். வைத்த அன்று ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். அதில் போர்ட்டின் வகையும் அது அழுத்தத்தைத் தாங்குமா என்பதும் எழுதியிருக்கும். தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்றே ஸ்கேன் அறையில் சொல்லுங்கள். ஊகத்தில் போட விடாதீர்கள்.


பூவரசு எழுதியது:

அட்டையைத் தேடி எடுத்துவிட்டேன். அழுத்தத்தைத் தாங்கும் வகை என்றுதான் இருக்கிறது. கைப்பையில் ஒன்றும் கைபேசியில் படமாக ஒன்றும் வைத்துக்கொண்டேன். நெய்தல், உங்கள் விரல் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்களா?


நெய்தல் எழுதியது:

போகிறேன், சகோதரி. வாரம் இரண்டு நாள். மெழுகு ஒத்தடம் கொடுத்துவிட்டு மடக்கப் பழக்குகிறார்கள். போன மாதம் உள்ளங்கைக்கும் விரல் நுனிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது, இப்போது ஒரு விரல்தான் இருக்கிறது. உங்கள் நான்காவது சுற்று எப்போது?


பூவரசு எழுதியது:

அடுத்த வியாழனுக்கு அடுத்த வியாழன், காலை 10 மணிக்கு. களிம்பு வைக்க 9 மணிக்குக் கைபேசியில் மணி அடிக்கும்.